கீழத்தஞ்சையில் ஒரு மனைக்கட்டு

கீழத்தஞ்சையின் சேரிகளில் குடிசை குடியிருப்பவனுடையது. அது நிற்கும் மண் மிராசுதாருடையது. 1971 வரை இதுவே பொது நிலை. கூரைக்குக் கீற்றும் மூங்கிலும் பண்ணையிலிருந்து வரும். சுவருக்குக் குழைத்த மண் பண்ணை வாய்க்கால் கரையில் எடுத்தது. மனையில் நிற்கும் தென்னையும் புளியும் பண்ணைக் கணக்கில் இருந்ததால், இரவில் காற்றுக்கு விழுந்த தேங்காயை விடிந்ததும் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செங்கல் சுவர் எழுப்பவோ ஓடு போடவோ பண்ணையின் அனுமதி வேண்டும். அதைக் கேட்கும் துணிச்சலும் காசும் ஒருவனிடமே சேர்ந்து இருந்ததாகச் சேரியில் யாருக்கும் நினைவில்லை.

வறுமையை விளக்குகிறவர்கள் கூலியிலிருந்து தொடங்குவது வழக்கம். காவிரிப் படுகையின் இந்த மூலையைப் பொறுத்தவரை மனையிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும். கூலி போதவில்லை என்று ஒருவன் வாய் திறந்தால், பேச்சு கூலியில் நிற்காது. மறுநாள் காலை குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். போவதற்கு வேறு இடம் கிடையாது. அடுத்த ஊர்ச் சேரியும் வேறொரு மிராசுதாரின் மண்ணில்தான் நின்றது.

இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பழைய நாகப்பட்டினம் தாலுகாவில் ஒரு பண்ணையாள் குடும்பத்தில் 1950-களின் நடுவில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நினைவு. அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் ஒரே பண்ணையில் வேலை செய்தவர்கள். பாட்டனாருக்கு முந்தியவர்களும் அங்கேதான் இருந்தார்கள் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் செய்தி. அதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை, எழுதிவைத்த கணக்கெல்லாம் பண்ணை வீட்டில் இருந்தது.

சட்டப்படி பார்த்தால் அடிமை முறை எப்போதோ முடிந்துபோன கதை. 1843-இல் கம்பெனி அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி, ஓர் ஆளைத் தன் அடிமை என்று சொல்லி எவரும் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. நிலத்தோடு சேர்த்து ஆட்களை எழுதிக்கொடுக்கும் வழக்கம் பத்திரங்களிலிருந்து மறைந்தது. மனையும் கடனும் அப்படியே இருந்ததால், ஆட்களைக் கட்டிவைக்கப் பத்திரம் தேவைப்படவும் இல்லை. இதை வெள்ளைக்கார அதிகாரிகளே கவனித்திருக்கிறார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாத மக்களைப் பற்றிப் பேசினார். அதைத் தொடர்ந்து 1892-இல் அரசு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கத் தொடங்கிய தரிசுகள்தாம் இன்று பஞ்சமி நிலம் எனப்படுபவை. அங்குலம் விடாமல் சாகுபடியும் மிராசும் பரவியிருந்த காவிரிப் படுகையில் அப்படி ஒதுக்கிக் கொடுக்கத் தரிசு அதிகம் இருக்கவில்லை.

பண்ணைக் கடன் பெரும்பாலும் கல்யாணத்தில் தொடங்கும். பையனுக்குப் பெண் பார்த்ததும் தகப்பன் போய்ப் பண்ணை வீட்டு வாசலில் நிற்பான். புடவைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய பணத்தையும் சில கலம் நெல்லையும் மிராசுதார் கொடுப்பார். பையன் கைநாட்டு வைப்பான். அன்று முதல் அவனும் அந்தப் பண்ணையின் ஆள். அவனுக்கு மனைவியாக வருகிறவளும் நடவுக்கும் களைக்கும் அந்தப் பண்ணைக்கே முதலில் போக வேண்டும். ஆசிரியரின் தகப்பனார் இப்படி வாங்கிய தொகை எவ்வளவு என்று அவருக்கே கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. அடைப்பதற்கென்று கொடுக்கப்பட்ட கடன் இல்லை அது என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. ஓர் ஆள் வேறு பண்ணைக்குப் போக விரும்பினால், புதிய மிராசுதார் பழைய கடனைக் கொடுத்துத் தீர்த்து அவனை எடுத்துக்கொள்வார். கடன் இடம் மாறும், குறையாது. தகப்பன் செத்தால் மகன் தலையில் விழும்.

வேலைக்குக் கூலி நெல்லாகத்தான். வேலை நடக்கும் நாளில் மரக்கால் கணக்கில் அளப்பார்கள். அறுவடையில் கலத்துக்கு இத்தனை என்று களத்தில் பங்கு உண்டு. அளக்கும் மரக்கால் பண்ணையுடையது. கொள்ளும் மரக்காலும் கொடுக்கும் மரக்காலும் ஒன்றுதானா என்ற சந்தேகம் சேரியில் பரம்பரையாக இருந்தது. பொலி தூற்றி நல்ல நெல்லை மூட்டை கட்டியபின், களத்தின் ஓரத்தில் ஒதுங்கிய கருக்காய்தான் ஆட்களின் பங்கில் சேரும் என்பதும் ஆசிரியரின் நினைவில் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு வேட்டி, ஒரு புடவை. பண்ணை வீட்டில் சாவு விழுந்தால் நாலு ஊருக்கு நடந்துபோய் இழவு சொல்லிவர வேண்டும், பறையடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். இவற்றுக்குத் தனிக் கூலி கேட்கிற பழக்கமே இல்லை.

தை, மாசி தாண்டினால் பட்டினி. மேட்டூர் அணை 1934-இல் வந்தபின் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் பெருகியது உண்மை. ஆனாலும் ஆறு வறண்டு கிடக்கும் பங்குனியிலிருந்து ஆனியில் மீண்டும் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் சேரி எதைத் தின்று பிழைத்தது என்பதற்கு ஆசிரியரிடம் விவரமான நினைவு இருக்கிறது. வாய்க்கால் வற்றும்போது நண்டும் நத்தையும் கிடைக்கும். குளத்தில் அல்லிக்கிழங்கு. வரப்பில் கீரை. அறுத்த வயலில் எலி வளையை வெட்டினால் இரண்டு வரவு: எலி ஒன்று, அது கதிர் கதிராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவைத்த நெல் மற்றொன்று. நல்ல வளை ஒன்றில் படிக்கணக்கில் நெல் இருக்கும். பெண்கள் அதைக் கழுவிக் காயவைத்துக் குத்துவார்கள். மண்வாடை போகாது. தஞ்சையை நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது தனக்கு முதலில் ஞாபகம் வந்தது எலி வளைதான் என்று அவர் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சேர்ந்து சிரிப்பதா வேண்டாமா என்று விளங்காது.

பிள்ளைகளின் வேலை ஏழெட்டு வயதில் தொடங்கும். ஆண்பிள்ளை மாடு மேய்ப்பான், சாணி அள்ளுவான். சம்பளம் என்று தனியாக இல்லை, பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஊற்றும் பழைய சோறுதான். வீட்டில் ஒரு வயிறு குறைகிறது என்பதால் தாய் தகப்பன் மறுக்க மாட்டார்கள். பெண்பிள்ளை தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நடவு வயலின் வரப்பில் உட்கார்ந்திருப்பாள். பத்து வயதானால் வயலில் இறங்குவாள். நாற்றுப் பறிக்கும் விதம், நாற்று முடியின் அளவு, நடவில் விரற்கடை இடைவெளி எல்லாம் அந்த வயதிலேயே கைக்கு வந்துவிடும். பரம்பரை வறுமை என்று சொல்லும்போது இந்த வேலைத்திறனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு நல்ல நடவுக்காரிக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தவை பல மிராசுதார்களுக்குத் தெரியாது. அதற்கு விலை இல்லாமல் செய்ததில்தான் சாதியின் வேலை இருக்கிறது.

மரியாதை முறைகளும் பிள்ளைப் பருவத்திலேயே பழகிவிடும். மிராசுதாரை ஆண்டே என்று கூப்பிட வேண்டும். அவர் வீட்டுப் பத்து வயதுப் பையன் அறுபது வயதுக் கிழவரைப் பேர் சொல்லி டேய் என்பான். கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சின்ன ஆண்டே என்பார். அக்கிரகாரத்துக்குள்ளும் குடியானத் தெருவுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. டீக்கடையில் கொட்டாங்குச்சி, பின்னாளில் தனிக் கிளாஸ். தவறியவர்களுக்குத் தண்டனையும் வகுக்கப்பட்டிருந்தது: மரத்தில் கட்டிச் சவுக்கால் அடிப்பது, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. சவுக்கடி, சாணிப்பால் என்ற இரண்டு சொற்களும் கீழத்தஞ்சையில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாதவை. ஆசிரியர் சாணிப்பாலைப் பார்த்ததில்லை. அவருடைய பாட்டனார் பார்த்திருக்கிறார். யாருக்கு ஊற்றினார்கள் என்று கேட்டால் மட்டும் பாட்டனார் பேச்சை மாற்றிவிடுவாராம்.

பேரன் அதைப் பார்க்காமல் தப்பியதற்குக் காரணம் செங்கொடிச் சங்கம். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கம்யூனிஸ்டு பி. சீனிவாசராவ் 1940-களின் தொடக்கத்தில் கட்சி அனுப்பித் தஞ்சைக்கு வந்து, மன்னார்குடிப் பக்கத்துச் சேரிகளில் தங்கி, 1943-இல் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். சேரிக்குள்ளேயே படுத்து, அங்கே கிடைத்த கஞ்சியைக் குடித்தார் என்பதையே பழைய ஆட்கள் முதலில் சொல்வார்கள்; கொள்கையெல்லாம் அப்புறம்தான். களப்பால் குப்புவைப் போன்ற பண்ணையாட்களே தலைவர்களாக எழுந்தார்கள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியது. அடித்தால் திருப்பி அடி என்று சீனிவாசராவ் சேரிகளில் பேசியதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு பரவிய வேகம், அதற்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டுகிறது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது: காரணமின்றிப் பண்ணையாளை நீக்கக் கூடாது, கூலி இவ்வளவு கொடுக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களையே அது கட்டுப்படுத்தியது. பல மிராசுதார்கள் எளிய வழி கண்டார்கள். பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். தினக்கூலிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆசிரியரின் தகப்பனார் இப்படித்தான் பண்ணையாளாக இருந்து கூலியாளானார். கடன் போயிற்று, கோடையில் அவசரத்துக்கு அரைக்கலம் நெல் கேட்கும் உரிமையும் சேர்ந்து போயிற்று. மனை மட்டும் பண்ணையுடையதாகவே நீடித்தது. வீட்டில் இதை லாபம் என்பதா நஷ்டம் என்பதா என்று பாட்டனாருக்கும் தகப்பனாருக்கும் கடைசிவரை வாக்குவாதம் இருந்தது. முன்னேற்றம் என்று எழுதிவிட்டுப் போவது வரலாற்று நூல்களுக்குச் சுலபம். அடுத்த கோடையைத் தாண்ட வேண்டிய பாட்டனாருக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

மனை பண்ணையுடையது என்பதன் பொருள் 1960-களில் முழுமையாக வெளிப்பட்டது. தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்து, ரசாயன உரமும் குறுகியகால நெல் ரகங்களும் பரவி விளைச்சல் ஏறியது. விலைவாசியும் ஏறியது, கூலி அதற்கு ஈடு கொடுக்கவில்லை. சங்கம் அறுவடையில் கூடுதல் நெல் கேட்டது. நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தங்களுக்கு ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேருங்கள் என்ற நெருக்குதல் சேரிதோறும் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் தாலுகா கீழவெண்மணியில் நிலக்காரர்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். உயிர் தப்ப ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் 44 பேர் அதோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். கேட்ட கூடுதல் கூலி அரைப்படி நெல்.

ஆசிரியர் அப்போது பள்ளி மாணவர். மறுநாள் அவருடைய சேரியில் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆண்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். கீற்றுக் குடிசை எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அடுப்புத் தீயில் தெருவே போன வருஷங்கள் உண்டு. ஆள் வைத்துக் கொளுத்துவார்கள் என்பது புதிது. நாகப்பட்டினம் விசாரணை நீதிமன்றம் 1970-இல் நிலக்காரர்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. காரில் போகிற, நிறைய நிலம் வைத்திருக்கிற மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற வகையில் அந்தத் தீர்ப்பின் வாதம் சென்றது. சேரியில் இன்னமும் அந்த வாதத்தைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள்; விடுதலை என்ற முடிவைக்கூட அவ்வளவாகப் பேசுவதில்லை.

கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை; அதன் அதிர்ச்சியில் சட்டங்கள் கிடைத்தன. கணபதியா பிள்ளை தலைமையிலான ஒருநபர் ஆணையம் கூலியை ஆராய்ந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சைத் தாலுகாக்களுக்கென வந்தது. 1970-இல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. உபரியாக அறிவிக்கப்பட்டதைவிடப் பினாமியாகவும் அறக்கட்டளையாகவும் மாறியதே அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். இவற்றோடு ஒப்பிட்டால் அதிகம் பேசப்படாத ஒரு சட்டமே சேரியைப் புரட்டிப்போட்டது: குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். 1961-இல் வந்த முந்தைய சட்டம் வெளியேற்றத்தை மட்டும் தடுத்தது. இது, விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே சொந்தமாக்கியது.

பட்டா கைக்கு வரச் சில வருஷம் ஆயிற்று. வந்ததும் சேரியில் முதலில் நடந்தது வீடு கட்டுவதன்று, அதற்குப் பணம் ஏது? மரம் நட்டார்கள். ஆளுக்கு இரண்டு தென்னம்பிள்ளை, ஒரு முருங்கை, வேலிக்குக் கிளுவை. ஆசிரியரின் தாயார் கொல்லையில் பூசணி விதை போட்டு, காய்த்த முதல் காயை யாருக்கும் கொடுக்காமல் முற்றவிட்டு விதைக்கு வைத்தார். கூலி கேட்பதில் குரல் மாறியதும் அப்போதுதான். காரியக்காரர் சேரிக்கு வந்து ஆள் கூப்பிடும்போது, இன்றைக்கு வர முடியாது என்று காரணம் சொல்லாமலே மறுக்க முடிந்தது. கூலிச் சட்டம் தாளில் கொடுத்ததை மனைச் சட்டம்தான் வயலில் வாங்கிக்கொடுத்தது என்று ஆசிரியர் கருதுகிறார். சங்கத்துத் தோழர்கள் சிலர் இதை ஒப்ப மாட்டார்கள். சங்கம் இல்லாமல் எந்தச் சட்டமும் ஊருக்குள் நுழைந்திருக்காது என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் 1944 ஒப்பந்தத்திலிருந்து 1971 வரை, சங்கம் வலுவாக இருந்து மனை இல்லாமல் கழிந்த 27 வருஷங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

படிப்பு இவற்றுக்கு இணையாக நடந்த வேறொரு கதை. 1956 வாக்கில் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுதான் சேரிப் பிள்ளைகளை மாட்டுக்கொட்டகையிலிருந்து பள்ளிக்கு இழுத்தது. பண்ணை வீட்டுப் பழைய சோற்றுக்குப் போட்டியாக இன்னொரு சோறு அன்றுதான் ஊருக்குள் வந்தது. ஆசிரியரை மாடு மேய்க்கக் கேட்டுக் காரியக்காரர் வந்தபோது அவருடைய தகப்பனார், "பையன் பள்ளிக்கூடம் போறானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த 'ங்க' விட்டுப்போகவில்லை, ஆள் மட்டும் போகவில்லை. பள்ளியில் கடைசி வரிசை, தனித் தண்ணீர்ப் பானை என்ற ஏற்பாடுகள் சில காலம் இருந்தன. பிறகு விடுதி, உதவித்தொகை, ஆசிரியர் பயிற்சி, இடஒதுக்கீட்டில் வேலை. சேரியிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் சிலரில் அவரும் ஒருவர். முதல் நியமனத்தில் அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சாதி கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழிகள் வீட்டுக்காரர்களிடம் இருந்தன. பக்கத்து டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார்.

அடுத்த தலைமுறையில் வயல் வேலையே குறைந்தது. காவிரியில் தண்ணீர் நிச்சயமில்லாமல் போனது. அறுவடைக்கு இயந்திரம் வந்தது. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும், சிலர் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் கீற்றுக் கூரைகளில் பல தளமாக மாறின. நிலம் மட்டும் கைமாறவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். தமிழகம் முழுவதும் ஐந்தில் ஒருவர். மாநிலத்தின் சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பு, மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கிப் பெண்களின் பெயரில் எழுதியது. அப்படி ஓர் ஏக்கர் கிடைத்த குடும்பங்களும் கிடைக்காத குடும்பங்களும் ஒரே தெருவில் இன்று எப்படி வேறுபட்டிருக்கின்றன என்பதை யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நில விநியோகம் பயனற்றது என்று சொல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஊருக்கும் சேரிக்கும் இன்னும் தனித்தனிச் சுடுகாடுகள் இருக்கின்றன. சேரிப் பிணம் பல ஊர்களில் வாய்க்காலில் இறங்கி, வரப்பில் ஏறித்தான் போகிறது. பாதை விழும் வயலின் சொந்தக்காரர் விட்டால்தான் வழி. நடவு நட்ட மாதங்களில் தகராறு நிச்சயம். ஆசிரியரின் தகப்பனார் ஐப்பசியில் இறந்தார். ஆசிரியர் வருவாய் ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்த மனு நகர்வதற்குள், பிணத்தை முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போய் வந்துவிட்டார்கள்.

மனைச் சிக்கலும் முழுதாகத் தீரவில்லை. படுகையின் நிலத்தில் கணிசமான பங்கு கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தம். அந்த நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் இன்றும் அடிமனைக்குப் பகுதி கட்டும் வாடகைதாரர்களே. பட்டா இல்லாததால் அரசின் வீடு கட்டும் திட்டங்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம்; வங்கியும் கடன் தராது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பறந்த கூரைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு கேட்டுப் போனவர்களிடம் அதிகாரிகள் முதலில் கேட்ட காகிதம் பட்டாதான். கோயில் நிலத்தில் நெடுங்காலம் குடியிருப்பவர்களை முறைப்படுத்த 2019-இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது; கோயில் சொத்தைக் கொடுக்க முடியாது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆசிரியரின் சேரி தனியார் மிராசில் இருந்ததால் 1971 சட்டத்தில் பட்டா பெற்றது. வாய்க்காலுக்கு மறுகரையில் இருக்கும் சேரி மடத்து நிலத்தில் இருக்கிறது. அவர் மனைவி பிறந்த வீடு அங்கே. அவருடைய மைத்துனர் இன்றும் வருஷந்தோறும் மடத்துக் கணக்கரிடம் பகுதி கட்டி ரசீது வாங்குகிறார். அந்த ரசீதில் வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதப்படுவதில்லை, மனையின் குழிக்கணக்கு மட்டுமே இருக்கும்.